ஐந்தாவது லைட்டும் பற்றரி அக்காவும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னொருவரைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிவு வரும். ஐந்து லைட் உள்ள ஒரு கருவியைக் கையில் தந்தால், ஐந்தாவது லைட்தான் எனக்கு, மற்ற நான்கும் கருமிகளுக்காகச் செய்து வைத்தவை என்று நம்புகிற ஆள் நான். மைக்ரோவேவ் என்றால் முழுச் சூடு. காரில் ஹீற்றர் என்றால் மூக்கு காயும்வரை. அயன்பெட்டியில் பட்டுக்கு ஒரு புள்ளி, பருத்திக்கு ஒரு புள்ளி இருப்பதைக் கல்யாணச் சட்டை புகைந்த அன்றுதான் கவனித்தேன். கவனித்தும் திருந்தவில்லை.

நான் சொல்லவரும் கருவிக்கு வேப்பரைசர் என்று பெயர். காய்ந்த கஞ்சாப் பூவை எரிக்காமல் சூடாக்கி, எழும் ஆவியை மட்டும் இழுக்க வைக்கும். சட்டைப்பைக்குள் அடங்கும். ஒரு பொத்தான், ஐந்து லைட். முதல் லைட் குறைந்த சூடு, ஐந்தாவது உச்சம். சூடு ஏறித் தயாரானதும் கையில் ஒருதரம் அதிரும். என் மனைவிக்குக் கீமோ இரண்டாவது சுற்று முடிந்தபோது, சோற்றின் மணம் பட்டாலே ஓங்காளிக்கத் தொடங்கினாள். குளிசைகள் எல்லாம் தோற்றுப்போன பிறகு டொக்டர் சொன்ன வழி இது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பு இரண்டு மூன்று இழுவை. குமட்டல் அடங்கும், ஏதாவது உள்ளே போகும். இங்கே கெபெக்கில் அது சட்டத்துக்குட்பட்ட சங்கதி. அரசாங்கமே கடை வைத்து விற்கிறது.

இதை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு நான்கு நாள் எடுத்தது. மாதா கோயில் பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்பவள் அவள். கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தாள். கஞ்சா என்ற சொல் வீட்டுக்குள் வரக்கூடாது, மூலிகை என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் புற்றுநோய் வருத்தம் என்பதும், அதற்கு இந்த மூலிகை என்பதும் ஒரு குஞ்சு குருமானுக்கும் தெரியக்கூடாது.

"சனம் பாவம் பாத்துப் பாத்தே என்னைச் சாக்கொண்டு போடும். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். கோயிலில் கேட்டவர்களுக்கு, அவள் ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் நிற்கிறாள் என்று சொன்னேன். ரொறன்ரோவில் நின்றவள் லொங்குய் நகரில், எங்கள் வீட்டுச் சோபாவில், கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தாள்.

டொக்டர் ஒரு கணக்கு வைத்திருந்தார். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினால் மூன்றாவது சுற்றைத் தள்ளிப்போட வேண்டிவரும், தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றார். அன்று அவள் நாற்பத்தாறரை.

வீட்டிலோ கருவி கழுத்தறுத்தது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைப்பேன். ஐந்தாவது லைட்டை எரிய விடுவேன். அவள் இரண்டு தரம் இழுப்பாள், ஒன்றும் வரவில்லை என்பாள். திரும்ப அமத்துவேன். திரும்பச் சூடேறும். மூன்றாம் தரம் லைட் சிவப்பாக மினுங்கி ஒரேயடியாக அணையும். மத்தியானச் சாப்பாட்டுக்கே உயிரை விடுகிற பற்றரி இராச்சாப்பாட்டுக்கு எங்கே நிற்கப்போகிறது? நான் சொதியை மூடி வைத்துவிட்டுச் சார்ஜரோடு மல்லுக்கட்டுவேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுப்பாள். விற்ற கடையில் கேட்டேன். கையேட்டை வாசித்தீர்களா என்றார்கள். கையேடு எங்கள் சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் சனம் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடைக்காரர்தான் சொன்னார்: "பற்றரிப் பிரச்சினையோ? ரெண்டு கதவு தள்ளிக் கீழ இறங்குங்கோ. பற்றரி அக்கா இருக்கிறா. ஆனா வாயைக் கவனமா வைச்சுக்கொள்ளுங்கோ."

வாயைக் கவனமாக வைப்பதென்றால் என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பற்றரி அக்காவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மட்டக்களப்புப் பேச்சு. அறுபது வயதிருக்கும். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொரு கண்ணாடி தலையில். பாதி நிலத்துக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மீற்றர், சுவர் நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் முதலில் திறக்கமாட்டார். புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். பிறகு பொருளை விட்டுவிட்டு ஆளை நிமிர்ந்து பார்ப்பார்.

"இதுக்கு என்ன செஞ்சீங்க?"

இதுதான் அவருடைய ஒரே கேள்வி. இதற்கு உண்மை வரவில்லையென்றால் பொருள் மேசையில் வழுக்கிக்கொண்டு திரும்பி உங்களிடம் வரும். கத்தமாட்டார், திட்டமாட்டார். ஒரு விரலால் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

நான் போன முதல் நாள் எனக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகப் பெடியன் செத்துப்போன போனோடு நின்றான்.

"சும்மா விழுந்திட்டுது அன்ரி."

"எதுக்குள்ள?"

"தண்ணிக்குள்ள."

அக்கா போனை மணந்தார். "எந்தத் தண்ணி மனே? கை கழுவுற தண்ணியா, மற்றதா?"

பெடியன் என்னைப் பார்த்தான். நான் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தேன்.

"மற்றது அன்ரி."

"ம்" என்று சொல்லிக் கையுறை போட்டுக்கொண்டு போனை எடுத்தார். இன்னொரு நாள் ஒரு கெபெக் கிழவி, கையடக்கத் தூசுறிஞ்சி ஒன்றைக் கொண்டுவந்து பிரெஞ்சில் ஒரு பெரிய வரலாறு சொன்னாள். அக்காவுக்குப் பிரெஞ்சு மூன்று வார்த்தை தெரியும். அதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வெரித்தே, மதாம். வெரித்தே." உண்மை அம்மா, உண்மை. கிழவி கொஞ்ச நேரம் கோபப்பட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுப்புச் சாம்பலை உறிஞ்சினேன், சாம்பல் இன்னும் சூடாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கு இவ்வளவு கெடுபிடியான குருவானவரை நான் எந்தப் பங்கிலும் கண்டதில்லை.

என் முறை வந்தது. வேப்பரைசரை மேசையில் வைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புறங்கை வைத்தார், மணந்தார், நிமிர்ந்தார்.

"இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. எனக்கு முதுகு வருத்தம். டொக்டர் தந்தவர். பற்றரி நிக்குதில்லை, மாத்தித் தாங்கோ."

"எத்தினையாவது லைட்டில பாவிக்கிறீங்க?"

"ரெண்டாவது" என்றேன், கண்ணை இமைக்காமல். ஐந்து என்று சொல்ல எனக்கே ஒரு கூச்சம் வந்தது பாருங்கள், அதுதான் ஆச்சரியம்.

"உங்களுக்கா முதுகு?"

"ஓம்."

"இப்ப படி இறங்கி வந்தீங்க. நல்லா துள்ளித்தான் இறங்கினீங்க."

கருவி வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்தது.

மெற்றோவில் நீலக் கோட்டில் ஏறி, ஆரஞ்சில் மாறி, மஞ்சளில் மாறி, மூன்று ரயிலிலும் அந்த மனுசியோடு மனத்துக்குள் சண்டை பிடித்துக்கொண்டு போனேன். பற்றரி மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதுதானே? என் முதுகைப் பரிசோதிக்க இவர் யார்? மஞ்சள் கோடு ஆற்றுக்கு அடியால் போகும்போது என் வாதம் மிகச் சிறப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். நான் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும்.

வீட்டில் நானே பொறியியலாளராகினேன். வெளியில் இருந்து சார்ஜ் கொடுக்கிற பெரிய பவர்பாங் ஒன்றை வாங்கிக் கருவியோடு இறப்பர் பட்டி போட்டுக் கட்டினேன். பார்க்க வெடிகுண்டு மாதிரி இருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, என்னைச் சுகப்படுத்தப் பாக்கிறியளோ, இல்லை தகர்க்கப் பாக்கிறியளோ?" என்றாள். அவள் பகிடி விட்டது எனக்குச் சந்தோசம். ஆனால் அன்றும் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். தராசு நாற்பத்தாறு காட்டியது.

இரண்டாம் முறை பாதி உண்மையோடு போனேன். நான்காவது லைட் என்றேன். முதுகை விடவில்லை. அக்கா பெருமூச்சு விட்டார். என் மேல் இரக்கமோ, கருவி மேல் இரக்கமோ, மீற்றரை எடுத்துப் பற்றரியை மட்டும் அளந்து பார்த்தார்.

"பற்றரி நல்லாயிருக்கு. மாத்தத் தேவல்ல."

"நல்லா இருந்தா ஏன் நிக்குதில்லை?"

"அதத்தான் நானும் கேக்கிறன். இதுக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்க திருத்துற கடையோ, பொலிஸ் ஸ்ரேசனோ?"

அவர் இடது கையை விரித்து விளக்கின் கீழே வைத்தார். உள்ளங்கையில் தோல் இழுபட்டு வெள்ளையாக மினுங்கியது. மேசையிலும் அதே அளவில் ஒரு கருகல் இருந்தது.

"ஒருத்தர் வந்தார். பற்றரி விழவே இல்ல எண்டார். விழுந்து நெளிஞ்சு கிடந்திருக்கு. உள்ளுக்குள்ள நெளிஞ்சது எனக்குத் தெரியுமா? நம்பிச் சார்ஜில போட்டன்."

கருவி மறுபடி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, என் சத்தியத்தை நினைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு படியேறினேன். துள்ளி ஏறவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் வெறுப்புத்தான் இருந்தது. இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். அவர் எங்கே போனாரென்று மரக்கறிக் கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு பொருளை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதெல்லாம், "இதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. யாரும் கேட்பதில்லை. எடுத்து மாற்றிவிட்டுப் போகிறார்கள்.

நாற்பத்தைந்து கிலோ முந்நூறு கிராம். மூன்றாவது சுற்றுக்கு நிறுவை பார்க்க இன்னும் ஐந்து நாள். அன்று காலை என் மனைவி ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திரும்பப் பெட்டிக்குள், உடையாமல், வரிசை குலையாமல் வைத்தாள். அதைப் பார்த்தபிறகு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு மெற்றோவுக்கு நடந்தேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. கருவி வழக்கம்போல் கோட்டின் வெளிப் பையில்.

கடையில் ஒருவரும் இல்லை. அக்கா ரீ குடித்துக்கொண்டிருந்தார். கருவியைக் கண்டதும் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு முதுகு இல்லை அக்கா. முதுகு இருக்கு, வருத்தம் இல்லை. இது என்ரை மனுசிக்கு. அவவுக்குக் கான்சர். கீமோ நடக்குது. சாப்பிட ஏலாமல் கிடக்கிறா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. அஞ்சாவது லைட்டிலதான் போடுறனான், எல்லா நாளும் அஞ்சாவதுதான். இன்னும் முந்நூறு கிராம் குறைஞ்சா மருந்தைத் தள்ளிப்போடுவினம். எனக்கு இனிப் பொய் சொல்ல நேரமில்லை."

சொல்லி முடித்தபோது என் கண்ணாடியில் படிந்தது பனியோ வேறெதுவோ, ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. ரீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். முதல்முறையாகக் கருவியைத் தன் பக்கம் இழுத்து முழுதாகத் திறந்தார்.

மூலிகை வைக்கும் கிண்ணத்தைக் கடதாசியில் தட்டினார். பச்சைத் தூள் புகைபோல் கொட்டியது.

"இதென்ன தம்பி, மிளகாய்த்தூளா?"

"இல்லை அக்கா, அதுதான் மூலிகை. மிக்ஸியில திரிச்சு…"

"திரிச்சு?"

"மா அரிதட்டில அரிச்சனான்" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீட்டில் எந்தத் தூளும் என் கையால் கட்டியோடு போனதில்லை.

அக்கா தலையில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். மூக்கில் இருந்ததையும் கழற்றினார். இரண்டு கண்ணாடியும் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"புட்டுக்கா அரிச்சீங்க?"

பிறகு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கருவிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கிண்ணத்துக்கு அடியில இருக்கிற இந்த வலை முழுக்க அடைச்சுப் போய்க் கிடக்கு. காத்துப் போக வழியில்ல. காத்துப் போகல்லண்டா ஆவி வராது. ஆவி வரல்லண்டு நீங்க திரும்பத் திரும்பச் சூடாக்கிறீங்க. சூடு ஏறுற நேரத்திலதான் பற்றரி கூடக் குடிக்கும். அதுவும் அஞ்சாவதுக்கு ஏத்துறதெண்டா கேக்கவா வேணும்?" ஊசியால் வலையைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "அவ இருமுறாவா?"

"இல்லை அக்கா. ஒருக்காலும் இருமுறேல்லை" என்றேன், நல்ல செய்தி சொல்வதுபோல.

"அஞ்சாவது லைட்டில, கருகின தூளில, இருமாம இழுக்கிறாவா?" ஊசி நின்றது. "அப்ப அவ இழுக்கல்ல தம்பி."

அக்கா ஊசியைக் கீழே வைத்தார்.

"வாய்க்குள்ள வச்சு ஊதி விடுறா. நீங்க முன்னுக்கு நிண்டு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. மறுகா அவ என்ன செய்வா?"

பிறகு வேலை நடந்தது. வலையைக் கழற்றித் துடைத்தார். கருவியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இது வெளிப் பைக்குள்ள வந்திருக்கு. உள்பைக்குள்ள வைங்க. குளிர்ந்த பற்றரியக் கொண்டுபோய் உடன சார்ஜில போடாதீங்க, அரை மணித்தியாலம் வீட்டுக்குள்ள கிடக்கட்டும்" என்றார். பூவை விரலால் உதிர்த்தால் போதும், மாவாக்கக் கூடாது. அமத்தி அடைக்கக் கூடாது. இரண்டாவது லைட். காணாதென்றால் மூன்றாவது. "நாலையும் அஞ்சையும் மறந்திடுங்க. எத்தினை இழுவை எண்டு அவதான் சொல்லணும். நீங்க வேற அறைக்குப் போயிருங்க."

சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். படியேறும்போது பின்னால் குரல் வந்தது.

"நாளைக்குப் பகல் போன் பண்ணுங்க. நல்ல கதை சொல்ல வேணாம். நடந்தத நடந்தபடி சொல்லணும்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுமுன்பே கேட்டேன்.

"இஞ்சை பார், நீ இதை இழுக்கிறியோ, இல்லையோ?"

அவள் கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்தாள். "தொண்டை எரியுது. கருகின ரயர் மாதிரி. நீங்கள் அரிச்சு அரிச்சுக் கஷ்டப்படுறியள், முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப இவ்வளவு நாளும்?"

"ஊதி விட்டனான்."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் சாப்பாட்டு மேசையில் இருந்துவிட்டேன். பொய் சொல்லக்கூடாதென்று ஒருவர் பாடாய்ப்படுத்துகிறார், இன்னொருத்தி எனக்காகவே பொய் சொல்லியிருக்கிறாள். நான் இரண்டு பேரிடமும் பிடிபட்டவன். சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன்: "நான் சத்தியத்தை முறிச்சுப்போட்டன். பற்றரி திருத்திற அக்காவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்."

அவள் முகம் இறுகியது. சுவரில் ஹீற்றர் டிக் டிக் என்றது.

"அவ என்ன சொன்னவ?"

"ரெண்டாவது லைட் எண்டவ."

"பாவமெண்டு சொல்லேல்லையோ?"

"உன்னைச் சொல்லேல்லை. பற்றரியைத்தான் பாவமெண்டு நினைச்சிருப்பா."

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். புட்டுக்கா அரிச்சீங்க என்று அக்கா கேட்டதையும் சொன்னபோது சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் வாங்கிய இடியப்பத்தை அவித்துச் சூடாக்கி, சொதி வைத்தேன். பூவை விரலால் உதிர்த்து, அமத்தாமல் வைத்து, இரண்டாவது லைட்டை எரிய விட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தேன். கருவி அதிர்வது கேட்டது. பிறகு அமைதி. பிறகு ஒரு சின்ன இருமல். வாழ்க்கையில் ஒரு இருமலுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபது நிமிடம் கழித்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓசை கேட்டது. வெளியே வந்தேன். மேசையில் கிடந்த கருவி, பற்றரி அளவுக்கு ஐந்து லைட்டில் நான்கு காட்டியது. நான்கு! இராச்சாப்பாட்டுக்கும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கிறது. என் பார்வை அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாதென்று யன்னலைப் பார்த்தபடி கடைக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லுங்க" என்றார் அக்கா. "நடந்தத மட்டும் சொல்லுங்க."

சொல்ல வாய் எடுத்தேன், ஒன்றும் வரவில்லை. நல்ல கதை சொல்லிப் பழகிய வாய். எவ்வளவு சாப்பிட்டாள், உண்மையாகவே சாப்பிடுகிறாளா, இதுவும் எனக்காகச் செய்கிற நடிப்பா, ஒன்றும் எனக்குத் தெரியாது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினேன்.

"அக்கா கேக்கிறா. உள்ளதை உள்ளபடி சொல்லட்டாம். நான் என்னெண்டு சொல்ல?"

என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது இடியப்பத்தைப் பிய்த்துச் சொதிக்குள் தோய்த்தாள்.

"உப்புக் காணாதெண்டு சொல்லுங்கோ."